‘மருந்து’ என்ற சொல்லின் இரண்டு முகம்

கரிசல்காட்டில் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிப்பதும் மருந்து. ‘மருந்தக் குடிச்சிட்டான்’ என்று ஒரு வீட்டிலிருந்து அலறல் வந்தால் விளாத்திகுளத்தில் யாரும் இருமல் டானிக்கை நினைக்க மாட்டார்கள். வண்டியைத் தேடி ஓடுவார்கள். அந்த ஊரில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: ‘வெளிநாட்டுல கஞ்சாவ டாக்டரே எழுதிக் குடுக்காங்களாம்ல. பெறகு அது எப்படி சார் கெடுதலாகும்?’

அவனிடம் அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் கேட்ட விதத்திலேயே பயம் பாதி கரைந்திருந்தது. அன்று அவனுக்குச் சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குறைவது பயம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1996-இல் கஞ்சாவை மருத்துவத்துக்கு அனுமதித்தது. ஒவ்வொன்றாக மற்ற மாநிலங்களும் வந்தன. பள்ளிப் பிள்ளைகளிடம் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. அடிக்கடி கஞ்சா பிடிப்பது பெரிய ஆபத்து என்று 2000-இல் சொன்ன பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 58 சதவீதம். 2015-இல் அது 32 சதவீதமாக இறங்கிவிட்டது.

பயம் இப்படிச் சரிந்ததே, பழக்கம் எகிறியதா? இல்லை. அந்த ஆண்டுகளில் பிடிப்பவர்கள் பங்கு ஏறத்தாழ ஒரே அளவில்தான் நின்றது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2018-இல் வந்த கட்டுரையும், மருத்துவ அனுமதிச் சட்டத்தால் மட்டும் வளரிளம் பருவத்தினரின் பயன்பாடு கூடியதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. கூடிவிட்டது என்று மிரட்டிப் பேசினால் பிள்ளைகள் கைபேசியில் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நாம் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. அங்கே சீட்டு, வயது வரம்பு, மருத்துவர் என்று வேலி இருக்கிறது. நம் பக்கத்துக்குச் சட்டம் வரவில்லை, ‘மருந்து’ என்ற சொல் மட்டும் ரீல்ஸ் வழியாக வேலியில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

வேலி போடாமல் திறந்த நாடு

தாய்லாந்து 2018-இல் மருத்துவக் கஞ்சாவுக்குச் சட்டம் இயற்றியது. 2022 ஜூன் 9 அன்று போதைப்பொருள் பட்டியலிலிருந்தே செடியை எடுத்துவிட்டது. எப்படி விற்பது, யாருக்கு விற்பது என்ற முழுச் சட்டம் தயாராகவில்லை. சில நாட்களிலேயே பாங்காக்கில் இளைஞர்கள் மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்ட செய்திகள் வந்தன. இருபது வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது என்று அவசரமாக விதி போட்டார்கள். அதற்குள் கடைகள் தெருத்தெருவாக முளைத்திருந்தன. மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்பனை என்ற நிலைக்குத் திரும்ப அவர்களுக்கு 2025 ஜூன் வரை ஆயிற்று.

எது மருந்து?

குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு, கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த சிபிடி திரவத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இல் அனுமதித்தது. உடல் எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டு, ஈரல் சோதனை பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். அது போதை தராது. போதை தருவது டிஎச்சி என்ற வேறொரு பொருள். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் அது 1995-இல் சுமார் 4 சதவீதம் இருந்தது, 2014-இல் 12 ஆகிவிட்டது. பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

நம் சித்த மருத்துவத்திலும் கஞ்சா உண்டு, எட்டியும் சேராங்கொட்டையும் இருப்பதுபோல. எல்லாம் சுத்தி செய்த பிறகுதான். சேராங்கொட்டை மருந்தில் சேர்கிறதே என்று அதைக் கடித்துத் தின்ன எந்தப் பையனும் போவதில்லை.

பதினாறு வயது மூளை

மூளை முதிர இருபத்தைந்து வயது வரை ஆகும். திட்டமிடுவதும் ஆசையை அடக்குவதும் செய்யும் முன்பகுதிதான் கடைசியாக முதிர்கிறது. டிஎச்சி போய் ஒட்டும் ஏற்பிகள் அங்கே நிறைய உண்டு. கஞ்சாவைத் தொடுபவர்களில் பத்தில் ஒருவர் அடிமையாகிறார் என்றால், விடலைப் பருவத்தில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். சுவீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் பிடித்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு அதிகம் வந்ததாக 1987-இல் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் கஞ்சாவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே மனநோய் இருந்தால் ஒரு இழுப்பு கூட வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

நம் கரையில்

இந்தியாவில் ஓராண்டுக்குள் கஞ்சா வகை எதையாவது பயன்படுத்தியவர்கள் 3.1 கோடிப் பேர் என்று எய்ம்ஸ் மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்டார்கள். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து இலங்கைக்குக் கடத்த வைத்திருந்த மூட்டைகள் பிடிபட்ட செய்தியை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். சரக்கு போகும் பாதையில் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்.

1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்காமல் வெறுமனே பிடித்தாலும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. இதற்குப் பயந்தே பெற்றோர் பையனை வீட்டுக்குள் ஒளிக்கிறார்கள். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு பலருக்குத் தெரியாது: போதைக்கு அடிமையாகிச் சிறிய அளவில் சிக்கிய ஒருவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்கு வழக்கு நடத்துவதில்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம்.

படிப்பு திடீரென்று சரிவது, தூக்கம் தலைகீழாவது, யாரோ பின்தொடர்வதாகச் சொல்வது, அடிக்கடி வாந்தி எடுத்து சுடுதண்ணீரில் குளித்தால்தான் அடங்குவது ஆகியவற்றைக் கவனியுங்கள். அடிக்காதீர்கள். 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம். எத்தனை நாளாக, எவ்வளவு, கூடவே மாத்திரை ஏதும் உண்டா என்று மருத்துவர் கேட்பார். பையன் அதை மறைக்காமல் சொல்லட்டும். அந்த நேரம் அப்பாவும் அம்மாவும் சற்று வெளியே உட்கார்ந்திருந்தால் போதும்.