ஊக்க மருந்தும் நடுவுநிலைமையும்

காவிரி, முக்கொம்பிலே கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டுத் தஞ்சைத் தரணியை நோக்கி வரும் வழியில் உள்ளது திருச்சிராப்பள்ளி. அந்நகரை அடுத்த முடிகண்டம் என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்த கோமதி மாரிமுத்து என்னும் வீராங்கனை, 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், தோகா நகரில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தூரத்தை 2 நிமிடம் 2.70 வினாடியில் ஓடி முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். நம் பகுதியிலே அன்று மகிழாதார் இலர். ஆனால் அடுத்த மாதமே, அவரது சிறுநீரில் நாண்ட்ரோலோன் என்னும் மருந்தின் சுவடு காணப்பட்டது என்ற செய்தி வந்தது. தாம் அறிந்து எதனையும் உட்கொள்ளவில்லை என்று அவர் கூறினார். விசாரணைக்குப்பின் 2020-ஆம் ஆண்டில் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் பறிபோயிற்று. தடைக்காலம் 2023-ஆம் ஆண்டு மே மாதத்தோடு முடிந்துவிட்டது.

அச்செய்தி வந்த நாளில் நம்மவர் இரு கட்சியினராய்ப் பிரிந்தனர். ஒரு சாரார், நேற்று மாலை சூட்டிய கையாலேயே இன்று சேற்றை வாரி இறைத்தனர். மற்றொரு சாரார், ஏழைப் பெண்ணொருத்தியின் ஏற்றத்தைப் பொறாதார் செய்த சூழ்ச்சி இஃது என்றனர். இவ்விரு கூற்றும் ஆராயாது எழுந்தவை. இத்தகைய வழக்குகளை எங்ஙனம் ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண், ஸ்டீராய்டு என்பது யாது? பலரும் எண்ணுமாறு அது தனி மருந்தொன்றின் பெயரன்று. நான்கு வளையங்களாகப் பிணைந்த கரியணுக்களை அடித்தளமாகக் கொண்ட பொருள்களாலாய ஒரு பெருங்குடும்பத்தின் பெயர் அது. ஆஸ்துமா முதலிய நோய்களுக்கு வைத்தியர் கொடுக்கும் கார்ட்டிசோன் வகை இக்குடும்பத்தைச் சேர்ந்ததே எனினும், அது தசையை வளர்ப்பதில்லை. தசை வளர்க்கும் வகைக்குத் தாயாக இருப்பது டெஸ்டோஸ்டீரோன் என்னும் சுரப்பு நீர். அஃது ஆண்கள் உடலில் மிகுதியாகவும், பெண்கள் உடலிற் சிறிதளவாகவும் இயற்கையாகவே சுரக்கின்றது. 1935-ஆம் ஆண்டில் வேதியியலார் அதனைப் பிரித்தெடுத்ததோடு, செயற்கையாகவும் ஆக்கிக் காட்டினர். அவ்வாறு ஆக்கியவர்களாகிய பூட்டனாண்ட், ருசிக்கா என்னும் இருவருக்கும் 1939-ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. அத்தாய்ப்பொருளைச் சிறிது திருத்தி அமைத்தவையே நாண்ட்ரோலோன், ஸ்டானோசோலால் முதலியன. நோயால் மெலிந்தோரைத் தேற்றுவதற்கென வைத்திய உலகம் இவற்றைக் கையாண்டது. அங்கிருந்து இவை பந்தய மைதானத்துக்குள் புகுந்தன.

இவை தசையின் உயிரணுக்களுட் புகுந்து, புரதத்தை மிகுதியாகக் கட்டுமாறு ஏவுகின்றன. கடும் பயிற்சியால் நைந்த தசை விரைவில் தேறுகின்றது. ஆதலின் மருந்துண்டவர் மற்றவரினும் மிகுதியாகப் பயிற்சி செய்ய இயலும். பெண்களின் உடலில் இயற்கைச் சுரப்புக் குறைவாதலின், அவர்களிடம் இம்மருந்தின் பயன் இன்னும் மிகுதி. கேடும் அவ்வாறே. இதயத் தசை தடிக்கின்றது. நல்ல கொழுப்புக் குறைகின்றது. மாத்திரையாக உண்பவர்க்கு ஈரல் பழுதுறுகின்றது. வெளியிலிருந்து மருந்து வருவதனால் ஆண்களின் உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிட, விரை சுருங்கி மகப்பேற்றுக்கும் இடையூறு நேர்கின்றது. பெண்களுக்குக் குரல் தடித்துவிட்டால் அது மீண்டும் பழைய நிலையை அடைவது அரிது. வளரும் பருவத்துச் சிறுவர்க்கு எலும்பின் வளர்முனைகள் காலத்துக்கு முன்னரே மூடிக்கொள்ள, உயரம் நின்றுவிடும். நம் வயல்களில் யூரியாவை அளவின்றி இட்டால், பயிர் கருகருவென்று தழைத்து, குலைநோய்க்கு இரையாகி, ஒரு மழைக்கே சாய்ந்துவிடுவதை நாம் கண்டதில்லையா? அதனை ஒத்ததே இது.

யூரியாவைச் சொன்னதும், நுண்ணறிவுடைய மாணாக்கர் ஒருவர் ஒரு தடை எழுப்பக்கூடும்: “அளவோடு உரமிட்டு விளைவித்த சம்பா நெல்லைப் பொய் நெல் என்று எவரும் தள்ளுவதில்லையே. அளவோடு மருந்துண்டு ஓடிய ஓட்டத்தை மட்டும் ஏன் பொய் ஓட்டம் என்கிறீர்?” இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. விடை இதுவாகும்: உழவின் நோக்கம் நெல். நெல் களத்துக்கு வந்து சேர்ந்தால் அஃது உண்பார் பசியைத் தீர்க்கும். ஓட்டத்தின் நோக்கமோ, எல்லைக் கோட்டை அடைவது மட்டுமன்று. அதுவே நோக்கமாயின் மோட்டார் வண்டியில் ஏறிச் செல்லலாம். ஒரே விதிக்கு உட்பட்டவருள், தம் உடலாலும் உழைப்பாலும் முந்துபவர் யார் என்று அறிவதே நோக்கம். விதியை ஒருவர் மறைவில் மீறியவுடன் அவ்வறிவு கெட்டுவிடுகின்றது. மேலும், ஒருவர் மருந்துண்டால் அருகில் நிற்பவர்க்கு இரண்டே வழி உண்டு: தோற்பது, அல்லது தாமும் உண்டு உடலைக் கெடுத்துக்கொள்வது. மருந்துண்பவர் தம் உடலை மட்டும் பணயம் வைக்கவில்லை. பிறர் உடலையும் பணயம் வைக்கின்றார்.

இதனை உணர்ந்தே 1975-ஆம் ஆண்டில் அகில உலக ஒலிம்பிக் குழுவினர் இவ்வகை ஸ்டீராய்டுகளைத் தடை செய்து, 1976-ஆம் ஆண்டு மாண்ட்ரியால் போட்டியில் சோதனையும் தொடங்கினர். 1988-இல் சியோல் நகரில் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடிய கனடா நாட்டுப் பென் ஜான்சன், ஸ்டானோசோலால் உண்டமை தெரிந்து பதக்கத்தை இழந்தார். 1999-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமும், 2005-இல் நம் நாட்டின் தேசிய நிறுவனமும் தோன்றின. 2022-இல் நம் பாராளுமன்றம் இதற்கெனச் சட்டமும் இயற்றியது.

இனித் தீர்ப்புக் கூறும் முறையை நோக்குவோம். ஒரே வழக்கில் மூன்று வினாக்கள் உள்ளன. அவற்றை ஒன்றாகக் குழப்புவதாலேயே நம் தீர்ப்புப் பிழைக்கின்றது.

முதல் வினா: அவ்வெற்றி நிற்குமா? உடலில் மருந்து இருந்ததென்று ஐயமறத் தெரிந்தால், நில்லாது. அறிந்து உண்டாரா, அறியாது உண்டாரா என்பது இவ்வினாவுக்குப் புறம்பு. தவறான எடைக்கல் கடைக்காரர் அறியாமலே தராசில் ஏறியிருப்பினும், நிறுத்த நிறை நிறையாகாது. தோகாவில் இரண்டாவதாக வந்த சீன வீராங்கனையும் பல்லாண்டு உழைத்தவரே. அவருக்கு உரியதை அவருக்குக் கொடுத்தலே நீதி. கோமதியின் வழக்கிலே, 2019 மார்ச்சு முதல் மே வரை எடுக்கப்பட்ட நான்கு மாதிரிகளிலும் சுவடு காணப்பட்டமையின், பதக்கம் திரும்பியதைக் குறை கூற இயலாது.

இரண்டாம் வினா: அவர் குற்றவாளியா? ஈண்டுத்தான் அறிவும், வயதும், நோக்கமும் எடைபோடப்படல் வேண்டும். தம் உடலிற் புகும் ஒவ்வொன்றுக்கும் வீரரே பொறுப்பு என்பது உலக விதி. வேண்டுமென்று செய்யவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமையும், இவ்வகை மருந்துகளைப் பொறுத்தவரை, அவர் தலையிலேயே ஏற்றப்படுகின்றது. மெய்ப்பித்தால் தண்டனை குறையும், இயலாவிடின் நான்காண்டு. இவ்விதி கடுமையானதே எனினும், இதனைத் தளர்த்தினால் அகப்பட்டவர் அனைவரும் “அறியேன்” என்ற ஒரு சொல்லாலே தப்பிவிடுவர். ஆனால் நாம் ஒன்று நினைவில் வைத்தல் வேண்டும்: தம் குற்றமின்மையை ஒருவர் மெய்ப்பிக்க இயலவில்லை என்பதும், அவர் வஞ்சகர் என்பதும் ஒன்றல்ல. விதியின்படி தண்டிப்பது நீதிமன்றத்தின் கடன். அதற்கு மேலும் வசைபாடுவது நம் கடன் அன்று.

மூன்றாம் வினாவைத்தான் நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை: வேறு யாருக்குப் பங்கு உண்டு? பழைய கிழக்கு ஜெர்மனியில் 1974-ஆம் ஆண்டு முதல் அரசாங்கமே திட்டமிட்டு, இளஞ்சிறுமியர்க்கும் இம்மாத்திரைகளை வைட்டமின் என்று சொல்லி ஊட்டிற்று. அத்திட்டத்தின் தலைவர்கள் 2000-ஆம் ஆண்டில் நீதிமன்றத்திலே குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். நம் நாட்டிலும், 2010-ஆம் ஆண்டு ஆசியப் போட்டியில் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் தங்கம் வென்ற வீராங்கனையர் சிலர், 2011-இல் ஸ்டீராய்டு வழக்கில் அகப்பட்டனர். பயிற்சியாளர் தந்த ஜின்செங் என்னும் வேர் மருந்திலே அது கலந்திருந்ததென்று அவர்கள் வாதாடினர். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். முதலில் ஓராண்டாக இருந்த தடையை, உலக விளையாட்டு நடுவர் மன்றம் 2012-இல் ஈராண்டாக உயர்த்தியது. தோகா வழக்கிலும், மார்ச்சு மாதத்திலேயே எடுக்கப்பட்ட முதல் மாதிரியின் முடிவு ஏப்ரல் பந்தயத்துக்கு முன் வந்து சேரவில்லை. வந்திருப்பின் அவர் தோகாவுக்கே சென்றிரார். பதக்கம் சூட்டிப் பின் பறிக்கும் அவலமும் நேர்ந்திராது.

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டம் இம்மூன்றாம் வினாவுக்கு ஒரு பெரும்பாடம். கிரிக்கெட்டைப் போல மட்டையும் பந்தும் கொண்டு பணத்துக்காக ஆடப்படும் அவ்வாட்டத்தில், பந்தை மைதானத்துக்கு அப்பால் அடிப்பதே பெரும்புகழ். 1998-இல் மார்க் மக்வயர் 70 முறையும், 2001-இல் பாரி பாண்ட்ஸ் 73 முறையும் ஒரே பருவத்தில் அவ்வாறு அடித்தனர். ஸ்டீராய்டு கூடாதென்று 1991-லேயே அவ்வாட்டத் தலைவர் சுற்றறிக்கை விடுத்திருந்தார். ஆயினும் தண்டனையோடு கூடிய சோதனை 2004-இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மைதானங்கள் நிரம்பின, பணம் குவிந்தது, கண்டுங் காணாதிருந்தோர் பலர். 2007-இல் மிட்செல் என்பவர் அளித்த அறிக்கை 89 ஆட்டக்காரரின் பெயரைச் சுட்டியது. மக்வயர் 2010-இல் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அறிந்து உட்கொள்ளவில்லை என்ற பாண்ட்ஸை, புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்க எழுத்தாளர்கள் 2022-இலும் மறுத்தனர். அவர் எண்ணிக்கையோ ஏட்டில் அப்படியே நிற்கின்றது. காவலின்றி வேலியை மட்டும் நட்டவர், மேய்ந்த மாட்டை மட்டும் அடிப்பது முறையாகுமா?

இங்கே மற்றொரு வழக்கையும் வேறுபிரித்து அறிதல் இன்றியமையாதது. நமக்கு அண்டையதாகிய புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிற் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-ஆம் ஆண்டு ஆசியப் போட்டியில், அதே தோகா நகரில், அதே 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பாலினச் சோதனை ஒன்றைக் காரணங்காட்டி அதனைப் பறித்தனர். அவர்மீது மருந்துக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இயற்கை ஒருவர் உடலில் அமைத்ததையும், ஊசி வழியாக மற்றொருவர் உடலிற் புகுத்தப்பட்டதையும் ஒரே தட்டில் வைத்தல் அநீதி. இயற்கைச் சுரப்பைப் பற்றிய விதிகள் எவ்வாறிருக்க வேண்டும் என்பதிலே அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அங்கே வஞ்சனை என்ற சொல்லுக்கே இடமில்லை. அவ்விழிவைக் கடந்து அவர் பின்னாளில் பயிற்சியாளராகி இளைஞரைப் பழக்கியது, நாம் தலைவணங்கத்தக்க செயல்.

இவையெல்லாம் எங்கோ நிகழ்பவை என்று நம் மாணாக்கர் எண்ணலாகாது. 2022-ஆம் ஆண்டிலே நம் நாட்டில் சோதித்த 3,865 மாதிரிகளில் 125 குற்றமுடையனவாகக் காணப்பட்டன; அஃதாவது நூற்றுக்கு மூன்றுக்கு மேல். அதே ஆண்டில் சீன நாட்டார் 19,000-க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்துக் கண்டவை 33 மட்டுமே. 2023-இல் தில்லி மாநிலத் தடகளப் போட்டியில், சோதனை அதிகாரிகள் வந்துள்ளனர் என்று கேட்டவுடன், 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒருவர் தவிர மற்றையோர் வாராதொழிந்தனர். ஒருவரே ஓடிய அப்பந்தயத்தை எண்ணுந்தோறும் நாணம் மேலிடுகின்றது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம், போலீசிலோ இரயில்வேயிலோ ஒரு வேலை என்பவையே நம் டெல்டாவின் ஏழைப் பிள்ளைகட்கு ஓட்டத்தின் பயனாயிருக்கின்றன. அந்த ஏழ்மையைக் கண்டே, உடற்பயிற்சிக் கூடங்களிற் சிலர் முத்திரையில்லாத பொடியையும் ஊசியையும் நீட்டுகின்றனர்.

ஆதலின், வைத்தியர் எழுதித் தராத எதனையும் ஏற்காதீர். வைத்தியரிடமும், நீர் பந்தயத்தில் ஓடுபவர் என்பதை முன்கூட்டியே சொல்லும். நோய்க்கென்று தடைப்பட்ட மருந்தே வேண்டுமாயின், முறைப்படி அனுமதி பெறும் வழியுண்டு. பயிற்சியாளர் தரும் பொருளேயாயினும், அதன் பெயரைக் கேட்டுத் தேசிய நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாரும். கேட்பது அவமரியாதையன்று. ஆசிரியராகிய நாமும், மாணவர் தோற்று வரும் நாளில் அவரை முகமலர்ந்து ஏற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தோல்விக்கு அஞ்சுபவனே ஊசிக்குக் கையை நீட்டுகிறான்.

பவுல் அடிகளார் தம் நிருபங்களிற் பந்தயச்சாலையை உவமையாக எடுத்தாண்டார். ஓட்டத்தில் அறம் உண்டு என்று அவர் கருதியதாலன்றோ அவ்வுவமை பொருந்தியது! பதக்கம் விதிக்கு உரியது; விதி கேட்டால் திருப்பித் தரத்தான் வேண்டும். ஆனால் அதனைத் திருப்பித் தந்துவிட்டு ஊர் திரும்பும் மனிதர் நம்மவர். தண்டனைக் காலம் முடிந்தபின்னும் அவரைத் தண்டித்துக்கொண்டிருக்க நமக்கு எந்த விதியும் உரிமை தரவில்லை.