ஸ்காட்லாந்தில் மான் வேட்டை: திறந்த மலையும் அடர்காடும்

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பகுதியில் மான் வேட்டை இரு வேறு நிலங்களில் நடைபெறுகிறது. ஒன்று மரங்களற்ற மலைச்சரிவு. மற்றொன்று அடர்ந்த காடு. மலையில் பெரும்பாலும் செம்மானும், காட்டில் ரோ மான், சிக்கா மான் ஆகியவற்றுடன் செம்மானும் வேட்டையாடப்படுகின்றன. இரண்டிலும் ரைஃபிளே முதன்மைக் கருவி. வில்லைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தரவில்லை.

இங்கு பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. அந்நாட்டில் 'டீர் ஃபாரஸ்ட்', அதாவது 'மான் காடு', எனப்படும் நிலங்களில் பெரும்பாலும் மரங்களே இருப்பதில்லை. வேட்டைக்கென ஒதுக்கப்பட்ட நிலம் என்ற பழைய பொருளில் அச்சொல் வழங்குகிறது.

திறந்த மலையில்

மலையில் மானைக் காண்பது எளிது, நெருங்குவது கடினம். வேட்டையாளர் உயரமான இடத்தில் அமர்ந்து, தொலைநோக்கியால் எதிர்ச்சரிவை நெடுநேரம் ஆராய்கிறார். மான் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தெரியலாம். சுடுவதற்கு ஏற்ற தொலைவோ ஏறத்தாழ 100 முதல் 200 மீட்டர் மட்டுமே. இடைப்பட்ட தூரத்தை ஓடைப் பள்ளங்களிலும் ஹீதர் புதர்களுக்கு இடையிலும் குனிந்தும் தவழ்ந்தும் கடக்க வேண்டும். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம்.

வேட்டையின் வெற்றியைப் பெரும்பாலும் காற்றே தீர்மானிக்கிறது. மனித வாடை பட்டால் மொத்தக் கூட்டமும் மலைமுகட்டைத் தாண்டிவிடும். மலை மடிப்புகளில் காற்று சுழன்று எதிர்த்திசையில் திரும்புவதால், காற்றுக்கு எதிராக நடப்பதாக எண்ணுபவரும் ஏமாறுவதுண்டு. மேலும் செம்மான்கள் கூட்டமாக வாழ்பவை. ஒரு கலைமானைக் குறிவைக்க அதைச் சுற்றியுள்ள பல சோடிக் கண்களையும் ஏமாற்ற வேண்டும். வீழ்ந்த மானைக் கீழே கொண்டுவர முன்பு காரன் வகைக் குதிரைகள் பயன்பட்டன. இன்று பெரும்பாலும் எட்டுச் சக்கர வண்டிகள் பயன்படுகின்றன.

அடர்காட்டில்

காட்டில் நிலைமை தலைகீழாகிறது. மான் 30 மீட்டரில் நின்றாலும் தெரியாது. தெரிந்தால் சில நொடிகளே கிடைக்கும். ஆகவே தேடிச் செல்வதைவிடக் காத்திருப்பதே பயன் தருகிறது. விடியலிலும் அந்தியிலும் மான்கள் மேய வரும் வெட்டவெளிகளின் ஓரத்தில் உயரமான பரண் அமைத்து அமர்கின்றனர். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவதால், குறி தவறினாலும் தோட்டா மண்ணில் புதையும். மரங்களுக்குப் பின்னால் யார் நடக்கிறார் என்று அறிய முடியாத இடத்தில் இந்தப் பாதுகாப்பு இன்றியமையாதது. ஒரு சிறு கிளையில் பட்டாலும் தோட்டா திசை மாறக்கூடும்.

காயம்பட்ட மான்

இரு முறைகளுக்கும் இடையே உள்ள மிக முக்கியமான வேறுபாடு, குண்டு பட்ட பிறகே வெளிப்படுகிறது. மலையில் காயமுற்ற மான் ஓடும் திசை தெரியும்; இரண்டாவது குண்டுக்கும் வாய்ப்புண்டு. நெருங்கி நடப்பட்ட சிட்கா ஸ்புரூஸ் தோட்டத்திலோ நெஞ்சில் குண்டு பட்ட மான்கூட சில பத்து மீட்டர் ஓடி மறைந்துவிடும். பயிற்சி பெற்ற நாய் இல்லாமல் அதைக் கண்டுபிடிப்பது அரிது. கைவிடப்பட்டால் அது நீண்ட வேதனைக்குப் பின் இறக்கும். இதனால்தான் தோட்டாவின் தரத்தைச் சட்டம் வரையறுக்கிறது: செம்மானுக்குக் குறைந்தது 80 கிரெய்ன் (சுமார் 5.2 கிராம்), ரோ மானுக்கு 50 கிரெய்ன். இரண்டும் உடலுள் விரிவடையும் வகையாக இருக்க வேண்டும்.

எண்ணிக்கைக் கட்டுப்பாடு

ஓநாய்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதால் அங்கு மான்களுக்கு இயற்கை எதிரி ஏறத்தாழ இல்லை. மான்கள் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுவதால் பைன் காடுகள் மீண்டும் வளர இயலாமல் போகிறது. எத்தனை மான்களைச் சுட வேண்டும் என்பதை அறிய முதலில் அவற்றை எண்ண வேண்டும். திறந்த மலையில் ஹெலிகாப்டரிலிருந்து எண்ணுகின்றனர். காட்டிலோ பெரும்பாலும் புழுக்கைக் குவியல்களை எண்ணி மதிப்பிடுகின்றனர். 2023 அக்டோபரில் ஆண் மான்களுக்கான வேட்டைத் தடைக்காலம் நீக்கப்பட்டது. பிணைமான்களுக்கு, குட்டிகள் தாயின்றித் தவிக்கக்கூடும் என்பதால், தடைக்காலம் தொடர்கிறது.