ஓயாத யோசனைக்கு மருந்தும் உண்டு, சட்டமும் உண்டு

பதற்றம் உடலின் காவல் ஏற்பாடு. ஆபத்து என்று மூளை கணித்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, வயிறு கலங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. எதிரே லாரி வரும்போது சட்டென்று ஒதுங்கச் செய்வதும் இதுவே. எதிரே எதுவும் இல்லாதபோதும் இந்த ஏற்பாடு அடங்காமல் இருந்தால், மனம் இனி வரப்போவதைத் துழாவத் தொடங்கும். வாடகை, பிள்ளையின் தேர்வு, ஊரில் தாயின் உடல்நிலை என்று ஒன்று முடியுமுன் அடுத்தது வரும். ‘தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘ஒரே டென்ஷன்’ என்று மக்கள் சொல்வது இந்த நிலையைத்தான்.

இதைக் கேட்டதும் வீட்டார் தரும் பதில் பெரும்பாலும் ‘சும்மா யோசிக்காதே’ என்பது. அந்த அறிவுரை வேலை செய்வதில்லை. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதே நினைவு திரும்பத் திரும்ப வந்தது. யோசனை நிற்காதவரின் மன உறுதியில் குறையில்லை. அடக்க முயல்வதே அதை வளர்க்கிறது.

கவலை எல்லோருக்கும் உண்டு. எல்லாக் கவலையும் நோயாகாது. ஆறு மாதங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் பல விஷயங்களைப் பற்றிக் கட்டுப்படுத்த முடியாத கவலை நீடித்து, அதனோடு தூக்கக் குறைவு, களைப்பு, எரிச்சல், தசை இறுக்கம், கவனச் சிதறல் ஆகியவை சேர்ந்து, வேலையும் உறவும் பாதிக்கப்பட்டால் அது பொதுப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி, இப்போதே உயிர் போய்விடும் என்று தோன்றவைப்பது பீதித் தாக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் சுமார் 30 கோடிப் பேர் பதற்றக் கோளாறுடன் வாழ்ந்தார்கள். நால்வரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைத்தது. மனநல ஆய்வு நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநலச் சிக்கல் உள்ள இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கு வெளியே இருந்தது தெரியவந்தது.

மும்பையின் தாராவியில் கவலைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மறுசீரமைப்புத் திட்டத்தின் நடுவில் இருக்கிறார்கள். திட்டத்துக்கான ஏலத்தில் அதானி குழுமம் 2022 நவம்பரில் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பதை நிரூபிப்பவருக்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது விதி. அதற்குப் பின் வந்தவர்களும் மாடியில் குடியிருப்பவர்களும் வேறு இடம், வேறு நிபந்தனை என்ற நிலையில் இருக்கிறார்கள். பழைய மின்கட்டண ரசீது கிடைக்குமா, கடை என்ன ஆகும் என்று ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்தால் அதை நோய் என்று மட்டும் சொல்வது அநியாயம். அத்தகையவருக்கு இரண்டு உதவியும் வேண்டும்: ஆவணத்துக்குச் சட்ட உதவி, தூக்கத்துக்கு மருத்துவ உதவி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. தேசிய சட்ட உதவி எண் 15100.

அதே நகரின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பதற்றம் வேறு முகம் காட்டுகிறது. நுழைவுத் தேர்வு, கோச்சிங் வகுப்பு, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளை நினைத்துத் தனியே வாழும் முதியோரின் இரவுகள் என அங்கே காரணங்கள் மாறுகின்றன. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று மனநலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உறுதி செய்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றும் வழிகாட்டியது. கோச்சிங் மையங்களும் இந்த வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டவை. ஆகவே ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்பதற்குப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.

ஆபத்து பெரும்பாலும் நோயைவிட, முதலில் போகும் இடத்தில் இருக்கிறது. பலர் மெடிக்கல் ஷாப்பில் ‘தூக்க மாத்திரை’ கேட்டு வாங்குகிறார்கள். அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச்1 அட்டவணை மருந்துகள். விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். சில நாட்களுக்கு இவை தரும் நிம்மதி உண்மை. சில வாரங்களிலேயே உடல் பழகிவிடும், அளவு கூடும். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுப்பவர் தானாக நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். மதுவும் அப்படித்தான்: படுத்ததும் தூங்கவைத்து, பின்னிரவில் எழுப்பிவிட்டு, மறுநாள் படபடப்பைக் கூட்டும்.

வேறு சிலரைப் பேய் பிடித்தது என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள். கோயிலிலும் தர்காவிலும் வேண்டிக்கொள்வதில் கெடுதல் இல்லை. பலருக்கு அது ஆறுதல். ஆனால் அடிப்பதும் கட்டிப்போடுவதும் குற்றம். பேய் ஓட்டுவதாகச் சொல்லி அடித்துத் துன்புறுத்துவோருக்கு மகாராஷ்டிரத்தின் 2013ஆம் ஆண்டு மூடநம்பிக்கை எதிர்ப்புச் சட்டம் 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறையும், 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலச் சிக்கல் உள்ளவர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த இல்லத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நேர்ந்த தீயில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் போனவர்கள் உள்பட 28 பேர் இறந்தார்கள். மனநலச் சிக்கல் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று இன்றைய மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது.

சரியான முதல் இடம் மருத்துவர். படபடப்புக்குத் தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் காரணமாகலாம். அவற்றை ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் காட்டும். நெஞ்சு வலி முதல் முறை வரும்போது பீதித் தாக்கு என்று தானாக முடிவு கட்டக் கூடாது. 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மாறாக, இதயம் நன்றாக இருப்பதாகப் பல மருத்துவர்கள் சொன்ன பிறகும் ஈசிஜிக்காக அலைபவருக்குத் தேவை மனநல மருத்துவர். தாராவியை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனை, பரேல் கே.இ.எம்., மும்பை சென்ட்ரல் நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. கேஸ் பேப்பர் எடுத்து நேரே வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். ஒரு சிக்கல் உண்டு. இந்தியோ மராத்தியோ சரளமாகப் பேசாத மூத்த பெண்கள் மகனையோ மருமகளையோ துணைக்குக் கூட்டிப் போகிறார்கள். கவலைக்குக் காரணமே வீட்டில் இருந்தால் அங்கே வாய் திறக்க முடிவதில்லை. அவர்களுக்கு 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் பெரிய துணை. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகமும் 2012 முதல் ஐகால் என்ற தொலைபேசி ஆலோசனையை நடத்துகிறது.

பதற்றக் கோளாறுக்கு நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் இரண்டு. ஒன்று சிந்தனை-நடத்தைச் சிகிச்சை: பயத்தின் கணிப்புகளைச் சோதித்துப் பார்க்கவும், தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பவும் அது பழக்கும். மற்றொன்று எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள். இவற்றுக்கு அடிமையாவதில்லை, ஆனால் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். ஆரம்ப நாட்களில் குமட்டலும் அமைதியின்மையும் வரலாம். ‘மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுவதால் பலர் குணமாகும் வாய்ப்பை இழக்கிறார்கள். எண்ணங்கள் தாறுமாறாக ஓடுவதோடு, சில மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், பேச்சும் செலவும் கட்டுமீறினால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதன் சிகிச்சை வேறு என்பதால் இந்த விவரத்தை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். ஆலோசகர் என்ற பலகை மட்டும் தகுதிக்குச் சான்றாகாது. மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம்.

அன்றாடத்தில் செய்யத்தக்கவையும் உண்டு. தாமஸ் போர்க்கோவெக் குழுவினர் 1983இல் விவரித்த முறை எளியது: மாலையில் குறித்த நேரத்தில் அரை மணி கவலைக்கென்று ஒதுக்குவது, மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு வரியில் குறித்துக்கொண்டு அந்த நேரத்துக்குத் தள்ளிவைப்பது. அந்த அரை மணியில் செயலுள்ள கவலையையும் செயலற்ற கவலையையும் பிரிக்க வேண்டும். ‘நாளை ரேஷன் கார்டு நகல் எடுக்க வேண்டும்’ என்பது செயல். ‘இருபது வருஷம் கழித்து என்ன ஆகும்’ என்பதற்குச் செயல் இல்லை. உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சை நீட்டிச் சில நிமிடம் மெதுவாக மூச்சு விடுவது படபடப்பைத் தணிக்கும். ரயில் நெரிசலில் நின்றபடியே செய்யலாம். மாலைக்குப் பின் கட்டிங் சாயைக் குறைப்பது தூக்கத்துக்கு உதவும். தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருவது நல்லது என்பார்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் சால் வீட்டில் அதற்கு வாசற்படிதான் உண்டு, அதுவும் போதும்.

சிகிச்சை பெறுவோருக்கு உரிமைகளைத் தருவது 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது நிதி தரும் மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். நோய் விவரத்தை முதலாளிக்கோ உறவினருக்கோ மருத்துவர் வெளியிடக் கூடாது. உயிராபத்தைத் தடுப்பது போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. எதிர்காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் பேசுபவரையும் நியமிக்கலாம். உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது இச்சட்டத்தின் 21ஆம் பிரிவு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்டில் நிறுவனங்களுக்கு இதை உத்தரவாகவே அனுப்பியது. நிறுவனம் மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் 14416 அல்லது அவசர எண் 112ஐ அழைக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கருதுகிறது; அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. முயற்சியைத் தண்டித்த, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதாவில் இல்லை. ஆகவே வழக்குக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்கக் கூடாது.

மனநலச் சேவையில் குறை இருந்தால் முதலில் அந்த நிலையத்தின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் புகார் தரலாம். பதில் திருப்தியில்லையெனில் மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம். விருப்பமில்லாமல் சேர்க்கப்பட்டதை எதிர்க்கும் மனுவை வாரியம் 7 நாளிலும், பொதுவான மனுக்களை 90 நாளிலும் முடிக்க வேண்டும். இதற்கும் இலவச வழக்கறிஞர் பெற மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு வழிசெய்கிறது.