சம்ப்பை வெட்டுவதற்கு முன்

பிரிட்டனில் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டைப் பிரித்து, அதன் பாகங்களைக் கொண்டு வீட்டுக் கொட்டகையிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறவர்கள் உண்டு. 1957-ல் வந்த லோட்டஸ் செவன்தான் முன்மாதிரி. 250 பவுண்டிலேயே இப்படியொரு காரைக் கட்டலாம் என்ற ரான் சாம்பியனின் 1996-ஆம் ஆண்டுக் கையேடு பலருக்கு ஆசையைக் கிளப்பியது. ஆனால் சிலர் இதில் பொருத்தும் ஃபோர்டின் பின்டோ இன்ஜின் இந்தத் தாழ்ந்த உடலுக்கு மிக உயரம். மேலே பானெட் மூடாது, கீழே எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப் சேஸிஸைத் தாண்டித் தொங்கும்.

பானெட்டில் புடைப்பு வைத்து மூடிவிடலாம். அழகு கெடும், அவ்வளவுதான். ஆபத்து கீழேதான். வேகத்தடையில் இடித்துச் சம்ப் கிழிந்தால் எண்ணெய் நொடிகளில் கொட்டும், பேரிங்குகள் காய்ந்து இன்ஜின் இறுகும், கொட்டிய எண்ணெய் மேலேயே பின்சக்கரம் ஏறும். இதற்கு அஞ்சிச் சம்ப்பை வெட்டிக் குட்டையாக்குகிறார்கள். அப்போது எண்ணெய் குறைகிறது. வளைவில் வேகமாகத் திரும்பினால் அது ஒருபுறம் ஒதுங்க, எண்ணெய்ப் பம்பின் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. ஆகவே உயரத்தில் இழந்ததை அகலத்தில் ஈடுகட்டுங்கள். உள்ளே தடுப்புத் தகடு வையுங்கள். உறிஞ்சு குழாயையும் கூடவே குட்டையாக்குங்கள். இதே உயரச் சிக்கலுக்காக 1954-ல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரில் இன்ஜினைச் சாய்த்து வைத்து, எண்ணெயைத் தனித் தொட்டிக்கு மாற்றினார்கள். செலவு தாங்குமானால் இன்றும் தனித் தொட்டியே நல்ல வழி. இடம் போதவில்லை என்று சேஸிஸ் குழாய்களை மட்டும் அறுக்கவே அறுக்காதீர்கள். மோதலில் உங்கள் கால்களைக் காப்பவை அவைதான்.

நீங்களே வெட்டாமல், குட்டைச் சம்ப்பை வணிகரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணமும் கேட்கலாம். அதன் பிறகு பழுதுநீக்கமோ மாற்றுப் பொருளோ கேட்கலாம். இணையத்தில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளில் ரத்து செய்யும் உரிமை, உங்கள் அளவுக்கென்றே செய்த சம்ப்புக்குக் கிடையாது. குறையிருந்தால் கேட்கும் உரிமை அதற்கும் உண்டு. எந்த இன்ஜின், எந்தச் சேஸிஸ், தரையிலிருந்து எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை மின்னஞ்சலில் எழுதியே கேளுங்கள். தகராறு வந்தால் அந்தக் கடிதம்தான் பேசும். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் என்றால் கிரெடிட் கார்டில் செலுத்துவது நல்லது. கடையே மூடிப்போனாலும் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடம் பணம் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் இந்தக் காப்பு பெரும்பாலும் இல்லை. சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்பதே முக்கியமாக மிஞ்சும். அதனால் விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்த கார் சாலைக்கு வர ஐ.வி.ஏ. என்னும் தனிவாகனச் சோதனையில் தேற வேண்டும். புகை அளவின் வரம்பு இன்ஜினின் வயதைப் பொறுத்தது. வயதுக்கான சான்றை இன்ஜின் வாங்கும்போதே பெற்றுவிடுங்கள். தேறாவிட்டால் குறைகளை எழுதித் தருவார்கள், திருத்தி மறுசோதனைக்குப் போகலாம். முடிவே தவறென்று பட்டால் மேல்முறையீடு உண்டு. அது முடியும்வரை காரில் எதையும் மாற்றாதீர்கள்.

பதிவு செய்த பிறகு வேறு இன்ஜின் பொருத்தினால், வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். மறைத்தது விபத்துக்குப் பின் தெரியவந்தால் இழப்பீட்டை மறுக்கக்கூடும்.