அக்காவைக் காணாத அகராதி

அகராதி என்றதும் நூலகத்துக் கனத்த புத்தகம்தான் நம் நினைவிற்கு வரும். நான் செய்த அகராதிக்கு அட்டையும் இல்லை, பக்கமும் இல்லை. கணினியின் கரிய திரையில் ‘சொல்’ என்று தட்டி, சிறிது இடம் விட்டு வேண்டிய தமிழ்ச் சொல்லைத் தட்டினால், பொருளும் ஆங்கிலச் சொல்லும் வந்து நிற்கும். இணையம் வேண்டியதில்லை. எங்கள் ஊரில் கண்மாய்க் கரைமேல் ஏறினால்தான் கைப்பேசிக்கு உயிர் வரும். பத்தாம் வகுப்போடு நின்ற என் அக்கா, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத முனைந்தபோது இதைத் தொடங்கினேன்.

பாடநூல்களிலிருந்து 8,000 சொற்களைத் திரட்டி, அச்சு அகராதியின் வரிசையிலேயே அடுக்கினேன். தேடும் முறை எளிது. பட்டியலின் நடுச்சொல்லைப் பார்க்க வேண்டும். தேடும் சொல் அதற்கு முந்தியதெனில் பின்பாதியைத் தள்ளிவிட்டு, எஞ்சியதில் மறுபடியும் நடுச்சொல்லைப் பார்க்க வேண்டும். இப்படிப் பாதி பாதியாகக் கழித்தால் 13 பார்வைக்குள் முடிந்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியின் இலட்சத்திற்கு மேற்பட்ட சொற்களுக்குங்கூட 17 பார்வை போதும்!

விடுமுறையில் பெருமையோடு கணினியை அக்காவின் முன் வைத்தேன். விளையாட்டாக முதலில் தட்டிய சொல், ‘அக்கா’. ‘அப்படி ஒரு சொல் இல்லை’ என்றது திரை. எனக்காகப் படிப்பை நிறுத்திக்கொண்டவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சொல் பட்டியலில் இருந்தது. கோளாறு வரிசையில். நம் அகராதிகளில் ‘க்’ முன், ‘க’ பின்; ஆகவே ‘அக்கா’ முந்தி, ‘அகத்தி’ பிந்தி. கணினியோ எழுத்துகளை யூனிகோட் எண்களாகவே அறியும். அங்கே ‘க்’ தனி எழுத்தன்று. ககரமும் அதையடுத்து ஒரு புள்ளியும். புள்ளியின் எண் 3021, தகரத்தின் எண் 2980. எனவே ‘அகத்தி’யே முந்தியது என்று முடிவுகட்டி, அக்கா இருந்த பாதியைத் தள்ளிவிட்டது! (னகரம் அங்கே பகரத்திற்கு முன்னால் நிற்கும் கூத்தும் உண்டு.)

கடைசியில் அரிச்சுவடியைத்தான் கணினிக்குக் கற்பித்தேன். உயிருக்கு 1 முதல் 12, ஆய்தத்திற்கு 13, பிறகு க் 14, க 15, கா 16 என்று போய் னௌ 247. வடவெழுத்துகள் அதற்கும் பின்னால். சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து இவ்வெண்களையே ஒப்பிடச் செய்தேன். ‘அக்கா’ 1, 14, 16 ஆயிற்று. ‘அகத்தி’ 1, 15 என்று தொடங்கிற்று. ‘கொ’வின் கொம்பும் காலும் சில கோப்புகளில் ஒரே குறியாகவும் சிலவற்றில் இரு குறியாகவும் கிடந்தன, அவற்றை ஒன்றாக்கவே இரண்டு இரவுகள் போயின.

இப்போது அக்கா அகப்படாத சொற்களை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார். சென்ற வாரம் அதில் 43 சொற்கள் இருந்தன. முதற்சொல், ‘கண்மாய்’.