தோளுக்குப் பின்னால் ஒரு பெட்ரோல் திருகு

பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100-இல் கொடைக்கானல் ஏறியிருக்கிறீர்களா? ஒருமுறை, பெருமாள்மலைக்கு முந்தின வளைவில் என் வண்டி 'டுக்... டுக்...' என்று முனகியது. இடது கையை முழங்கால் பக்கம் விட்டு, திருகை ரிசர்வுக்குத் தள்ளினேன். கண் ரோட்டை விட்டு நகரவில்லை. பின்சீட்டு நண்பன் பாட்டைக்கூட நிறுத்தவில்லை. ஜான் டென்வர் பாட்டு! (கொடைக்கானல் போனால் எவனுக்கும் இங்கிலீஷ் பாட்டு வந்துவிடும்.)

அந்த டென்வர் செத்தது இதே மாதிரி ஒரு திருகால்தான்.

'லாங் ஈஸி' என்று ஒரு குட்டி விமானம். இரண்டே சீட்டு, இன்ஜின் முதுகுப் பக்கம். பர்ட் ருட்டான் என்ற அமெரிக்கர் போட்ட வரைபடத்தை வாங்கி, ஃபோமும் ஃபைபர் கிளாஸும் வைத்து வீட்டிலேயே கட்டிக்கொண்டார்கள். நம்ம ஊருக்கும் இந்தப் பைத்தியம் புதுசில்லை. 1910-லேயே சென்னை ஹோட்டல்காரர் டி ஏஞ்சலிஸ் சொந்தமாக விமானம் கட்டிப் பறந்தவர்.

வரைபடப்படி, எந்த டாங்க்கிலிருந்து பெட்ரோல் வரணும் என்று மாற்றும் திருகு பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்கணும். கட்டின டெக்ஸாஸ்காரருக்கோ, உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் குழாய் வருவது பிடிக்கவில்லை. நியாயமான பயம்தான். திருகை பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடிகளும் முதுகுப் பக்கம். அதில் கோடு, எண் எதுவும் கிடையாது!

டென்வர் அதை செகண்ட் ஹாண்டில் வாங்கினார். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த ஆள். ஆனால் இந்த விமானத்தில் முதல் நாள் அரை மணி பழகியதுதான்.

1997 அக்டோபர் 12. கலிஃபோர்னியா, மான்டரே. திருகு எட்டவில்லை என்று மெக்கானிக்கும் அவரும் அதில் ஒரு பிளையரை மாட்டிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. பின்னால் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார் மெக்கானிக். 'பெட்ரோல் போடவா?' என்றதற்கு, 'வேண்டாம், ஒரு மணி நேரம்தான் பறப்பேன்' என்றாராம்.

கடலோரம், சுமார் 500 அடி உயரம். இன்ஜின் சத்தம் தடுமாறியதைக் கரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். அடுத்து விமானம் தலைகுப்புறக் கடலில். டென்வருக்கு 53 வயது.

விசாரணைக்காரர்கள் அதே மாதிரி சீட்டில் ஆளை உட்காரவைத்து, திருகைத் திருப்பச் சொன்னார்கள். கை ஸ்டிக்கை விடணும். உடம்பு இடது பக்கம் முறுக்கணும். முறுக்கினால், முட்டுக்கொடுக்க வலது கால் தானாக முன்னே நீள்கிறது. அங்கே இருந்தது, விமானத்தை வலது பக்கம் திருப்பும் பெடல்.