தினக்கூலிக்கு வரி இல்லை, கணக்கு உண்டு

விடியற்காலையில் ஹைதராபாத்தின் கூகட்பள்ளி போன்ற பகுதிகளில் ‘லேபர் அட்டா’ கூடுகிறது. பாலமூரு என்று அங்கே சொல்லப்படும் மகபூப்நகர்ப் பக்கத்துக்காரர்களும், ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்களும் அன்றைய வேலைக்காகக் காத்து நிற்பார்கள். புதிதாக ஒரு பேக்கிங் யூனிட்டோ கேட்டரிங்கோ தொடங்கியவர் நாலு பேரை அழைத்துப்போவார், மாலையில் கூலியைக் கையில் கொடுப்பார், அத்தோடு கணக்கு முடிந்ததாக நினைப்பார். ‘நம்மிடம் நிரந்தர ஆள் இல்லை, அதனால் பிடித்தமும் இல்லை வரியும் இல்லை’ என்ற அந்த நினைப்பு பாதி சரி. நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 300 நாள் வேலை கிடைத்தாலும் அந்தத் தொழிலாளியின் வருமானம் 2,40,000 ரூபாய்தான். புதிய வருமான வரி முறையில் முதல் நான்கு லட்சத்துக்கு வரியே கிடையாது என்பதால், அவர் கூலியில் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்க ஏதுமில்லை. தவறிப்போவது மறுபாதியில். அந்தக் கூலி முதலாளியின் வருமானத்திலிருந்து செலவாகக் கழிக்கப்பட வேண்டும். அதற்கு யாருக்கு, எத்தனை நாளுக்கு, எப்படிக் கொடுத்தோம் என்பதற்குச் சான்று வேண்டும். சான்று இல்லாத கூலியை வரித்துறை லாபமாக எடுத்துக்கொண்டால், தொழிலாளி கட்ட வேண்டாத வரியை முதலாளி கட்ட நேரும்.

எவ்வளவு என்று பார்த்துவிடலாம். இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஹைதராபாத்தின் ஜீடிமெட்லாவில் ஓர் எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) தொடங்கி, முதல் வருடத்தில் ஆறு லட்சம் ரூபாய் தினக்கூலியாகக் கொடுத்திருக்கிறார்கள். எல்எல்பிக்குத் தனிநபருக்கு உள்ளதுபோல வரிப் படிகள் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். ஆறு லட்சமும் செலவாக ஏற்கப்படாவிட்டால் கூடுதல் வரி 1,87,200 ரூபாய். வட்டி, அபராதம் தனி. பதிவேட்டில் பெயர் ஏற்றினால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வந்துவிடும் என்று பயந்து கூலியை மறைப்பவர்கள் உண்டு. இஎஸ்ஐயில் முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். இரண்டையும் முதலாளியே சுமந்தாலும் ஆறு லட்சத்துக்கு 24,000 ரூபாய்தான் ஆகிறது. இருபத்துநாலாயிரத்தைத் தவிர்க்கப்போய் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மேல் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. ‘சிறுதொழிலுக்கு உத்தேச வருமான முறை இருக்கிறதே’ என்று கேட்கலாம். இரண்டு கோடி வரை விற்றுமுதல் உள்ள தனிநபரும் கூட்டாண்மை நிறுவனமும், டிஜிட்டல் வரவில் 6 சதவீதம், ரொக்க வரவில் 8 சதவீதம் லாபம் என்று காட்டி வரி கட்டிவிட்டால், கூலிச் செலவைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டியதில்லை. நல்ல வசதிதான். ஆனால் எல்எல்பிக்கும் கம்பெனிக்கும் அந்தக் கதவு மூடியிருக்கிறது. போட்டியில் மூன்று சதவீத லாபத்துக்கு ஓடும் யூனிட்டுக்கு, ஆறு சதவீதம் காட்டுவதே கூடுதல் வரிதான்.

ரொக்கமாகக் கொடுப்பது குற்றம் என்று பலரும் நம்புகிறார்கள், அது உண்மையில்லை. ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால்தான் அந்தச் செலவு கழிவுக்கு ஏற்கப்படாது. 2017-இல் நிதிச் சட்டம் குறைப்பதற்கு முன் இந்த வரம்பு 20,000 ஆக இருந்தது. 800 ரூபாய்க் கூலி இதன் பக்கத்தில்கூட வராது. சிக்கல் சனிக்கிழமை மாலையில், ஆட்களைக் கூட்டிவரும் மேஸ்திரியின் கையில் இருக்கிறது. பத்துப் பேர், ஐந்து நாள், தலைக்கு 800 என்று 40,000 ரூபாயை மொத்தமாக மேஸ்திரியிடம் ரொக்கமாகக் கொடுத்து ‘பிரித்துக் கொடுத்துவிடு’ என்று சொன்னால், ஏட்டில் அது ஒரே ஆளுக்கு ஒரே நாளில் கொடுத்த நாற்பதாயிரம். நம் சார்பில் ரொக்கமாகப் பட்டுவாடா செய்ய வேண்டிய முகவருக்குக் கொடுத்த பணத்துக்கு விதிகளில் விலக்கு உண்டு என்று ஆடிட்டர் வாதாடலாம். ஆனால் அவர் வெறும் முகவர்தான் என்று காட்ட, பத்துப் பேரின் பெயரும் கையொப்பமும் உள்ள கூலிப் பட்டியல் வேண்டும். பட்டியல் இல்லையென்றால் அவர் ஒப்பந்ததாரர். ஆள் கொடுக்கும் ஒப்பந்தமும் சட்டத்தின் பார்வையில் ஒப்பந்த வேலைதான். ஒரே தவணையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேலோ கொடுத்தால், தனிநபர் ஒப்பந்ததாரராக இருந்தால் ஒரு சதவீதமும் நிறுவனமாக இருந்தால் இரண்டு சதவீதமும் டிடிஎஸ் பிடித்து, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பான் எண் தராதவரிடம் 20 சதவீதம் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் கொடுத்த தொகையில் 30 சதவீதம் செலவுக் கணக்கிலிருந்து வெட்டப்படும். நாற்பதாயிரத்தில் நானூறு ரூபாய் பிடிக்க மறந்ததற்கு, பன்னிரண்டாயிரம் ரூபாய் லாபத்தில் ஏறுகிறது. முந்தைய வருட விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டாத தனி உரிமையாளருக்கு மட்டும் இந்த ஒப்பந்த டிடிஎஸ் கடமை இல்லை. ஆகவே தனியாளாகத் தொடங்கியவர் முதல் வருடம் மூச்சு விடலாம். அதே வேலையைச் செய்யும் எல்எல்பிக்கு முதல் நாளிலிருந்தே கடமை உண்டு. தொழிலை எந்த வடிவத்தில் பதிவு செய்வது என்று யோசிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டை எடைபோடுவதாகத் தெரியவில்லை.

‘கூலி கொடுப்பது மேஸ்திரி, வேலை வாங்குவதும் அவர்தான். எனக்கும் அந்த ஆட்களுக்கும் என்ன தொடர்பு?’ என்பது அடிக்கடி எழும் ஆட்சேபம். அதற்கான விடை ஹைதராபாத்திலிருந்தே கிளம்பிய ஒரு வழக்கில் இருக்கிறது. அங்கிருந்த ராயல் டாக்கீஸும் வேறு சில திரையரங்குகளும் தங்கள் கேன்டீனையும் சைக்கிள் ஸ்டாண்டையும் ஒப்பந்ததாரர்களுக்கு விட்டிருந்தன. டீ ஆற்றியவருக்கும் சைக்கிளுக்குச் சீட்டுக் கொடுத்தவருக்கும் சம்பளம் கொடுத்தது ஒப்பந்ததாரர். இவர்களுக்கு இஎஸ்ஐ கட்டச் சொன்னபோது, படம் காட்டுவதுதான் எங்கள் தொழில், டீ விற்பதல்ல என்றார்கள் உரிமையாளர்கள். 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. நிறுவனத்தின் வளாகத்தில், அதன் வேலையோடு தொடர்புடைய பணியைச் செய்கிறவர், இடையில் யார் கைமாற்றிச் சம்பளம் கொடுத்தாலும், அந்தச் சட்டத்தின்படி அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். பங்களிப்பைக் கட்டும் முதல் பொறுப்பு உரிமையாளருடையது. கட்டிவிட்டு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. திரையரங்குச் சைக்கிள் ஸ்டாண்டுக்கே இந்த நிலை என்றால், யூனிட்டுக்குள் நின்று பெட்டி ஒட்டுகிறவர் மேஸ்திரியின் ஆள் என்ற வாதம் எவ்வளவு தூரம் போகும்?

ஓரிரு நாள் வந்துபோகிறவர்களை ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு விதமாக நடத்துவதுதான் சாதாரண ஆளைக் குழப்புகிறது. வருங்கால வைப்பு நிதிக்கு இருபது பேர் என்பது வரம்பு. டி.எஸ். ஹரிஹரன் வழக்கில் 1971-இல் உச்ச நீதிமன்றம், அவசரத் தேவைக்காகக் குறுகிய காலம் அழைக்கப்பட்டவர்களை அந்தத் தலைக்கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றது. இஎஸ்ஐயில் கதை வேறு. சவுத் இந்தியா ஃப்ளவர் மில்ஸ் வழக்கில் 1986-இல் அதே நீதிமன்றம், ஆலையின் விரிவாக்கக் கட்டட வேலைக்கு அழைத்த தற்காலிகத் தொழிலாளர்களும் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தது. இஎஸ்ஐக்குப் பத்துப் பேர் போதும், மாதச் சம்பளம் 21,000 வரை. ஒருமுறை உள்ளே வந்தபின் ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது. தொழில்வரியில் இன்னொரு வழி. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், தெலங்கானாவில் மாநில வணிகவரித் துறை மாதாமாதம் கேட்பதைக் கவனிக்க வேண்டும். மாதம் 15,000 வரை வரி இல்லை, 20,000 வரை 150 ரூபாய், அதற்கு மேல் 200 ரூபாய், அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள். தற்காலிகக் கூலி பெறுபவர் இந்த வரிக்கு வெளியே இருக்கிறார். ஆனால் அதே ஆள் மாதம் 26 நாளும் தவறாமல் வந்து 20,800 ரூபாய் வாங்கினால், அவரை இன்னும் தற்காலிகம் என்று எந்த அதிகாரியிடம் சொல்ல முடியும்? இந்த வேறுபாடுகளைக் காட்டுவதும் வருகைப் பதிவேடுதான். பதிவேடு இல்லாத முதலாளி, ஹரிஹரன் தீர்ப்பு தனக்குச் சாதகமாக இருந்தாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது.

‘அட்டாவில் வரும் ஆள் பான் கார்டு கேட்டால் மறுநாள் வரமாட்டான்’ என்பதும் நியாயமான கவலை. நேரடியாகக் கொடுக்கும் தினக்கூலிக்குப் பான் தேவையே இல்லை. பெயர், ஊர், கைபேசி எண், நாள், தொகை, கையொப்பமோ கைநாட்டோ போட்ட வவுச்சர் போதும். தொழிலின் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் அனுப்பினால் இன்னும் உறுதி. மனைவியின் கைபேசியிலிருந்து அனுப்பிவிட்டு வருடக் கடைசியில் தேடக் கூடாது, அவ்வளவுதான். நேரடிக் கூலிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. பதிவு பெற்ற ஆள்வழங்கும் நிறுவனத்திடம் போனால் பில்லில் 18 சதவீதம் ஏறும். ஆவணம் வைத்தால் இன்ஸ்பெக்டர் வருவார் என்ற பயத்துக்கு மட்டும் முழு மறுப்பு சொல்ல முடியாது. வரம்பைத் தாண்டியவருக்குக் கடமை நிச்சயம் வரும், பழைய வருமான வரிச் சட்டத்தில் தாமதத்துக்கு இரக்கமும் இருக்கவில்லை. தொழிலாளியிடம் பிடித்த பங்கை உரிய தேதிக்கு ஒரு நாள் பிந்திக் கட்டினாலும், அந்தக் கழிவு நிரந்தரமாகப் போய்விடும் என்று 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின்கீழ் தீர்த்திருந்தது. பெரிய நிறுவனத்துக்கு அது ஓர் எச்சரிக்கையாக இருந்தது. ஒரே ஆளே கல்லாவையும் கணக்கையும் பார்க்கும் யூனிட்டுக்கு அது கடுமையாக இருந்தது.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதலும், புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டபோது எல்லாம் எளிமையாகிவிட்டது என்று பேசப்பட்டது. பிரிவு எண்கள் மாறின, இருபத்தொன்பது சட்டங்கள் நான்காகச் சுருங்கின. ஆனால் பத்துப் பேருக்கு ஒரு துறை, இருபது பேருக்கு இன்னொன்று, 7-ஆம் தேதி ஓரிடம், 10-ஆம் தேதி வேறிடம், 15-ஆம் தேதி மற்றோரிடம் என்ற ஓட்டம் குறையவில்லை. ஒன்பது ஆளோடு நின்றுவிடச் சொல்லும் இந்த வரம்புகள், வளர நினைக்கும் தொழிலுக்கே எதிராக வேலை செய்கின்றன. அதைச் சரிசெய்வது அரசின் கையில் இருக்கிறது. கூலிப் பட்டியல் எழுதுவதற்கு அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; ஒரு நோட்டும், தொழிலுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கும் இருந்தால் இந்தச் சனிக்கிழமையே தொடங்கலாம்.